துரு என்று எழுதிய பூட்டு

நானூற்றுப் பதினேழு.

காலை ஆறு ஐம்பதுக்கு சிஸ்டர் தன் தம்பிக்குக் கொடுத்த எண் அது. நாலு நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். அவன் சிரித்தான்.

"நானூறு... நானூத்தி ஏதோ. என்னக்கா, காலங்காத்தால வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ற?"

அவள் சிரிக்கவில்லை.

பழைய அட்டைப் பெட்டிகளைக் கரைத்துப் புது அட்டை செய்யும் ஆலை அது. கேட்டைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் முதலுதவி அறை. ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு மேஜை, சுவரில் ஒரு பலகை. அந்த அறையில் பதினோரு வருஷமாக அவள்தான் நர்ஸ். முந்நூறு பேருக்கும் அவள் சிஸ்டர். கூடப் பிறந்த தம்பிகூட நாலு பேர் நடுவில் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். "உங்களுக்கெல்லாம் சும்மா பேருக்கு. எனக்கு மட்டும்தான்டா ஒரிஜினல்" என்று கேன்டீனில் அளப்பான்.

பலகையில் இருபத்திரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி, சொந்தக்காரனின் போட்டோ ஒட்டிய தகரத் துண்டு. இயந்திரத்துக்குள் இறங்கி வேலை பார்க்கும் ஃபிட்டர்களுக்கு ஆளுக்கு ஒன்று. இறங்குகிறவன் முதலில் மின்சாரத்தை அணைத்து, அந்த மெயின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். ரெண்டு பேர் இறங்கினால் ரெண்டு பூட்டு, அஞ்சு பேர் என்றால் அஞ்சு. வெளியே வந்தவன் தன் பூட்டை மட்டும்தான் எடுக்கலாம். கடைசிப் பூட்டு கழலும் வரை எந்தக் கொம்பனாலும் இயந்திரத்தை ஓட்ட முடியாது.

அந்தப் பூட்டைக் காலையில் எடுத்துக் கொடுப்பது சிஸ்டரின் வேலை. ஆள் நிதானத்தில் இருக்கிறானா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. எப்படிப் பார்ப்பது என்று விதியில் இல்லை. அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் மூன்று இலக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்வாள். ரத்த அழுத்தம் பார்ப்பாள், வீட்டுச் சங்கதி ரெண்டு கேட்பாள், கையெழுத்து வாங்குவாள். பிறகு, "என் நம்பரைக் குடு" என்பாள். சரியாகச் சொன்னவன் கையை நீட்டுவான். பூட்டு உள்ளங்கையில் விழும். தூங்காதவன், காய்ச்சல்காரன், முந்தின நாள் மூக்கு முட்டக் குடித்தவன், எல்லாரும் அந்த எண்ணில்தான் தடுக்கி விழுவார்கள். 'லாட்டரி சிஸ்டர்' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் ஓடியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தம்பியைத் திரைக்குப் பின்னால் தள்ளினாள்.

"மூஞ்சியை இப்படித் திருப்பு."

திருப்பினான். கண்ணின் வெள்ளையில் சிவப்பு நூல் ஓடியிருந்தது. பற்பசை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, பச்சைத் தழை கருகினாற்போல. காலையில் மாடிப்படி இறங்கும்போது, தம்பி குடியிருக்கும் கீழ்வீட்டுக் குளியலறை ஜன்னலிலிருந்து வந்ததும் அதேதான். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

"எப்ப அடிச்ச?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னிக்கு வியாழக்கிழமை. நாலு நாள் வாசனை உன் வாயிலயே குடியிருக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டே இழுப்புக்கா. தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தூக்கமே இல்ல."

தோள் வலி பொய்யில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அட்டைக் கட்டு சரிந்து விழுந்ததில் வந்தது. மாத்திரை வயிற்றைக் கிளறியது. யாரோ ஒரு புண்ணியவான் கஞ்சாப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தான். அன்று குழந்தை மாதிரி தூங்கினான். பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. இப்போது அது இல்லாமல் காலையில் எழுந்திருக்கவும் முடியவில்லை. தூக்கம் வர வைத்ததே தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. கடைக்கு ரெண்டு சாமான் வாங்கப் போனால் ஒன்றோடு வருவான். குழாயைத் திறந்துவிட்டு வேறெங்கோ போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு காரியத்தைத் தொடங்கிய மனசுக்கும் முடிக்கிற கைக்கும் நடுவில் ஒரு பலகை கழன்றிருந்தது. நர்ஸுக்கு அதன் பெயர் தெரியும். அக்காவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாசத்துக்கு முன் ஒரு தடவை மாட்டியிருந்தான். சிறுநீரில் முக்கும் பட்டை அது. ரெண்டு கோடு விழுந்தால் சுத்தம். ஒரே கோடு என்றால் ஆள் அகப்பட்டான். அவனுக்கு ஒற்றைக் கோடுதான் விழுந்தது. முதல் தடவை என்று எழுத்து மூலம் எச்சரித்து விட்டார்கள். இரண்டாவது தடவை என்றால் கேட்டுக்கு வெளியே, அதற்கப்புறம் எந்த ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள்.

"ஸ்ட்ரிப் போடட்டுமா?" என்றாள்.

"போடு. என்ன வரும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ட்ரெயினிங்ல நீதான சொன்ன? அது வாரக்கணக்குல ஒடம்புலயே தங்கும், இன்னிக்கு அடிச்சதா போன மாசம் அடிச்சதான்னு பட்டைக்குத் தெரியாதுன்னு. இப்ப நான் தெளிவா இருந்தாலும் அது ஒத்தைக் கோடுதான் காட்டும்."

"தெளிவா இருக்கியா? நம்பரைச் சொல்லு."

வாயைத் திறந்தான். மூடினான்.

வெளியே பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். அப்பா போனபோது இவனுக்கு ஒன்பது வயசு, அவளுக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டதெல்லாம் அவள்தான். அதே கையால் இவனைக் கேட்டுக்கு வெளியே எழுத வேண்டும்.

"இங்க பாரு. இன்னிக்கு உனக்குப் பூட்டு கிடையாது. பூட்டு இல்லாம எதுக்குள்ளயும் இறங்க முடியாது. ஸ்டோர்ல போய் உக்காந்து போல்ட்டு பொறுக்கு. எவனாச்சும் கேட்டா பூட்டு துருப்பிடிச்சுடுச்சு, சிஸ்டர் மாத்தித் தரேன்னாங்கன்னு சொல்லு."

"அக்கான்னா அக்காதான்."

"வாயை மூடு. சாயங்காலம் வீட்டுல இருக்கு உனக்கு."

அவன் போனதும் ரிஜிஸ்டரை இழுத்தாள். 'ஆள் தகுதி' என்ற கட்டத்தில்: சரி. 'பூட்டு' என்ற கட்டத்தில்: துரு, மாற்ற வேண்டும். பாம்பும் சாகணும், தடியும் முறியக்கூடாது. இவனும் மெஷினுக்குள் போகமாட்டான், இவன் வேலையும் போகாது. பலகையிலிருந்து அவன் பூட்டைக் கழற்றி, பஞ்சு உருண்டைக்குப் பின்னால் மேஜை டிராயரில் வைத்தாள். போன வருஷம் வாங்கிய பூட்டு. கண்ணாடி மாதிரி பளபளத்தது.

பத்து மணிக்கு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. ஆலையில் எல்லாரும் 'ரெண்டுவாட்டி' என்று கூப்பிடுகிற ஆள்.

தம்பிக்கு மச்சான் அவன், தம்பி மனைவியின் அண்ணன். தம்பியும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் தங்கையைக் கொடுத்தான். எதையும் ரெண்டு தடவை பார்க்காமல் விடமாட்டான் என்பதால் அந்தப் பட்டப்பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். தங்கை கல்யாணத்தில், "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று அவளிடமே ரெண்டு தடவை கேட்டு அடி வாங்கியவன். பீடி, சிகரெட்கூடக் கிடையாது.

"என்னக்கா, நம்ம மாப்ள பூட்டு துருவாமே?"

சிஸ்டர் ஓர் ஆளின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமா."

"போன வருசம்தான புதுசு வாங்குனாங்க?"

"தண்ணி பட்டிருக்கும்."

"துருதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

இப்போது நிமிர்ந்தாள். அவன் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை, வழக்கமான ரெண்டாவது தடவைதான். அவனுக்குத் தெரிந்தால் தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும்.

"அதான் துருன்னு சொல்றேன்ல. ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?"

"சரிக்கா, சரிக்கா. நமக்கு ரெண்டு தடவை சொன்னாத்தான் சோறே செரிக்கும்." சிரித்துக்கொண்டே போனான்.

எதற்குக் கேட்டான் என்று அவள் யோசிக்கவில்லை. விரலுக்கு முடிச்சுப் போடுகிற அவசரத்தில் இருந்தாள்.

பதினொன்றே காலுக்குச் சங்கு ஊதியது. நீளமாக, நிறுத்தாமல்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அரைவைக் கூடத்தில் கூட்டம். நடுவே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழமுள்ள இரும்புத் தொட்டி. அட்டையும் தண்ணீரும் கொட்டினால் அடியில் சுழலும் கத்திகள் கூழாக்கிவிடும். அட்டைக் கட்டுகளோடு வரும் கம்பிகள் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மாசத்துக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்துவிட்டு, ஏணி போட்டு இறங்கி, அந்தக் கம்பிகளை வெட்டி எடுப்பார்கள். இன்றைக்கு அந்த வேலை.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் விளிம்பில் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். திறக்கவில்லை. அதில் இருந்த எதுவும் இனி அங்கே உதவாது.

தம்பி சுவரோரம் நின்றான். கையில் ஒரு சாவி வளையம். அதைப் பிடித்த பிடி தளரவே இல்லை. கட்டுப்பாட்டு மேஜையில் உட்காரும் பேனல்காரர் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் சிஸ்டர். முடிஞ்சுதான்னு உங்க தம்பியைக் கேட்டேன். முடிஞ்சுதுன்னு சொன்னான். கைப்பிடியைப் பார்த்தேன், பூட்டு எதுவும் இல்ல. ஒரு பூட்டும் இல்ல சிஸ்டர். அப்புறம்தான் போட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். கம்பி அதிகம், ஆள் போதவில்லை. தம்பி ஸ்டோரில் கால்மணி நேரம்கூட உட்காரவில்லை. மச்சானிடம் போய், 'பூட்டுதான் துரு, ஆளு நல்லாத்தான் இருக்கேன்' என்று நின்றிருக்கிறான். மச்சான் ஜன்னலுக்கு வந்து கேட்டிருக்கிறான், ரெண்டு தடவை. சிஸ்டரே துரு என்று சொல்லிவிட்டாள். ஆளைப் பற்றி அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியானால் ஆள் சரி, இரும்புதான் கோளாறு. 'வா மாப்ள, என் பூட்டு ஒண்ணு போதும் நம்ம ரெண்டு பேருக்கும்' என்று கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஆயுளில் அவன் ஒரு விதியை மீறியது அந்த ஒரு நாள்தான்.

உள்ளே பெரிய கட்டர் தேவைப்பட்டது. கட்டர் மேலே ஸ்விட்ச் ரூம் அலமாரியில். அலமாரிச் சாவியும் பூட்டின் சாவியும் ஒரே வளையத்தில். வளையத்தைக் கொடுத்து மாப்பிள்ளையை மேலே அனுப்பினான்.

"அலமாரியைத் திறந்தேன்க்கா," என்றான் தம்பி. அக்கா என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டான். "திறந்தேன். எதுக்கு வந்தேன்னு தெரியல. சாவி கையில இருக்கு. எதிர்ல பூட்டு தொங்குது. சாவியும் பூட்டும் இருந்தா... வேலை முடிஞ்சா அதைத்தானக்கா தினம் செய்வேன்."

கை அதன் பாட்டுக்குத் தினமும் செய்ததைச் செய்துவிட்டது. மனசு கூட இல்லை.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணக்கு அவள் கேட்காமலே தலைக்குள் ஓடியது. காலையில் இவனைப் பற்றி உண்மையை எழுதியிருந்தால் இவன் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பான், மச்சான் உயிரோடு இருப்பான். ஒன்றும் கண்டுகொள்ளாமல் பூட்டைக் கொடுத்திருந்தாலும் கைப்பிடியில் ரெண்டு பூட்டு தொங்கியிருக்கும். இந்தக் கிறுக்கன் தன்னுடையதைத்தான் கழற்றியிருப்பான். மச்சானுடையது அப்படியே இருந்திருக்கும், பேனல்காரர் கை வைத்திருக்க மாட்டார். நல்லது செய்திருந்தாலும் பிழைத்திருப்பான், கெட்டது செய்திருந்தாலும் பிழைத்திருப்பான். அவள் ரெண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்தாள்.

விபத்து நடந்தால் அங்கே நின்ற எல்லாரையும் சோதிக்க வேண்டும். சோதிப்பவளும் அவள்தான். பேனல்காரருக்கு ரெண்டு கோடு. தம்பியின் கிண்ணத்தில் பட்டையை முக்கிவிட்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷம். ஒற்றைக் கோடு.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன் என்றுதான் பெயர். குரலைத் தணித்தார்.

"சிஸ்டர், இந்தக் கோடு என்னைக்கு அடிச்சதுன்னு சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"நீங்கதான் ட்ரெயினிங்ல சொன்னீங்க, வாரக்கணக்குல நிக்கும்னு. அப்ப இது பழசு. காலையில நீங்க பாத்தீங்க. தகுதி சரின்னு உங்க கையால எழுதியிருக்கீங்க. பூட்டு துரு, அதையும் எழுதியிருக்கீங்க. பூட்டு இல்லாதவனைத் தன் பூட்டுல இறக்குனது யாரு? போனவன். விதியை மீறினது போனவன். உங்க தம்பி வேலை போகும், அது வேற. ஆனா கேஸு அவன் தலையில விழாது. உங்க தலையிலயும் விழாது, ஆலையும் ஓடும்." ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார். "செத்தவனைக் கோர்ட்டுக்கா கூப்பிடப் போறாங்க? ஆய்வாளர் திங்கக்கிழமை வர்றார். ரிஜிஸ்டர்ல இருக்கிறதைச் சொன்னா போதும்."

அவள் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தம்பி மனைவி மாடிக்கு வந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். குரல் மட்டும் கரகரத்தது. கீழே தம்பி படுத்திருந்தான். ஒரு நாள்தான் புகை இல்லாமல் இருக்கிறான். அதற்குள் சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம், யாராவது பேசினால் எரிச்சல்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எங்கண்ணன் அடுப்பை அணைச்சேனான்னு நடுத்தெருவுல இருந்து திரும்பி வர்றவன். ரெண்டு ஆளு இறங்குனா ரெண்டு பூட்டுன்னு வீட்டுல குழந்தைக்குப் பாட்டு மாதிரி சொல்லுவான். அவன் எப்படி அண்ணி ஒத்தைப் பூட்டுல இறங்குனான்? எல்லாரும் அவன் தப்புங்கறாங்க. பிணத்தை வெச்சுக்கிட்டே பேசுறாங்க. அவன் யாரையும் கேக்காமயா இறங்கியிருப்பான்? யாரையாச்சும் கேட்டிருப்பான்ல?"

சிஸ்டர் தண்ணீர் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"குடி முதல்ல."

"சொல்லுங்க அண்ணி. கேட்டிருப்பான்ல?"

"தெரியலம்மா."

ரெண்டு தடவை கேட்டாள். அண்ணனுக்குத் தங்கை.

சனிக்கிழமை சிஸ்டர் ஆலைக்குப் போனாள். அறையைத் தாளிட்டாள். டிராயரைத் திறந்து பஞ்சுக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் கை நிறைய உப்பு. பூட்டை அதில் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். எழுதியது எழுதியதுதான், இனி இரும்புதான் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அன்று முழுக்க நாலு தடவை குனிந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வாட்ச்மேனிடம் மருந்து கணக்கு என்று பொய் சொல்லி உள்ளே வந்து பார்த்தாள். அடியில் உப்புதான் படிந்திருந்தது. பூட்டு பளபளவென்று கிடந்தது. நல்ல பூட்டு. ஃபிட்டர்களின் உயிர் விஷயம், மட்டமானது வாங்காதீர்கள் என்று போன வருஷம் மேனேஜரிடம் சண்டை போட்டு அவளே தேர்ந்தெடுத்து வாங்க வைத்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட மனிதர். அவசரமில்லாத ஆள். மேனேஜர் பக்கத்தில் நின்றார். ஆய்வாளர் ரிஜிஸ்டரை விரலால் வரி வரியாகத் தடவி, வியாழக்கிழமையில் நிறுத்தினார்.

"துருன்னு இருக்கே. அந்தப் பூட்டு எங்கம்மா?"

"டிராயர்ல சார்."

"எடுங்க."

துடைத்து வைத்திருந்தாள். மேஜைமேல் வைத்தாள். ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை நுழைத்தார். திருகினார்.

க்ளிக்.

அமுக்கிப் பூட்டினார். மறுபடி திருகினார். க்ளிக். வெண்ணெயில் கத்தி போனாற்போல.

"சார், அது எப்படின்னா..." என்று மேனேஜர் தொடங்கினார்.

"அவங்க சொல்லட்டும்."

அவள் பலகையைப் பார்த்தாள். இருபத்திரண்டு கொக்கியில் ரெண்டு காலி. ஒன்றில் போட்டோ மட்டும் தொங்கியது. ரெண்டுவாட்டி அந்தப் போட்டோவில் காது தெரிய முடி வெட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான். முதல் போட்டோ சரியில்லை என்று ரெண்டாவது எடுக்க வைத்தது.

"துரு இல்ல சார். என் தம்பி அன்னிக்குக் காலையில நிதானத்துல இல்ல. எனக்குத் தெரியும். வாசனை வந்துச்சு, கண்ணு சிவந்திருந்துச்சு, நம்பர் சொல்லத் தெரியல. கேட்டதுக்கு அவனும் ஒத்துக்கிட்டான். நான் ஸ்ட்ரிப் போடல. போட்டா வேலை போயிடும்னு பூட்டை மட்டும் ஒளிச்சு வெச்சுட்டேன்."

மேனேஜர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இறந்தவருக்கு இது தெரியுமா?"

"அவன் பத்து மணிக்கு இந்த ஜன்னலுக்கு வந்தான். துருவா, வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டான். ரெண்டு தடவை கேட்டான் சார். ரெண்டு தடவையும் நான் துருன்னு சொன்னேன். நான் சொன்னதை நம்பித்தான் இறங்குனான். அவன் கண்ணை மூடிக்கிட்டு விதியை மீறல. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனான்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தவர் உடனே எழுதவில்லை. "இதை எழுதினா உங்க தம்பி மட்டும் இல்ல, நீங்களும் உள்ள போக வேண்டியிருக்கும். புரியுதா?"

"எழுதுங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டுவாட்டி கேக்காதீங்க சார். எழுதுங்க."

எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். சொன்னால் நெஞ்சில் உள்ளது இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. சாயங்காலம் தம்பி மனைவிக்கு இந்தச் செய்தி போகும். கேட்டவனுக்குப் பொய் சொன்னது யார் என்று தெரியும். தண்ணீர் செம்பை நகர்த்தியது யார் என்றும் தெரியும். ஒரே வீட்டில் மாடியும் கீழும். படியில் எதிர்ப்படாமல் எத்தனை நாள் இறங்க முடியும்?

வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான், அடுத்து அவன் முறை. நாலு நாள் தாடி. கண்ணில் சிவப்பு இல்லை. குழிதான் இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது, உள்ளே பேசியது அவன் காதில் விழுந்திருக்கும். அவன் முகத்தில் கோபம் இருக்குமோ என்று தேடினாள். ஒன்றுமே இல்லை.

"அக்கா."

"சொல்லு."

"நானூத்திப் பதினேழு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கு நீ குடுத்த நம்பர். நேத்துப் பல்லு தேய்க்கிறப்ப தானா வந்து நின்னுச்சு. நானூத்திப் பதினேழுதான?"

"ஆமாடா."

"அது வந்துடுச்சுக்கா. மேல ஸ்விட்ச் ரூம்ல நிக்கிறப்ப மச்சான் கீழ இருந்து கத்தினானா, சும்மா இருந்தானா, அது மட்டும் வரவே மாட்டேங்குது. என்னன்னவோ பண்ணிப் பாத்துட்டேன்."

உள்ளேயிருந்து ஆய்வாளர் கூப்பிட்டார். தம்பி எழவில்லை. எண்ணைச் சரியாகச் சொன்னவன் தினமும் செய்வது போலக் கையை அவள் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை. பூட்டு உள்ளே, ஆய்வாளரின் மேஜைமேல் இருந்தது.